அவிட்டம் முதல் ரேவதி வரை

எங்கள் வீட்டு ஓனர் நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரிதான் வருவார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "பெரியவருக்கு எப்டி இருக்குதும்மா?" என்று கேட்டபடியே உள்ளே நுழைவார். கேள்வி எனக்கு, பார்வை மட்டும் ஹாலில் தொங்கிய தினசரி காலண்டருக்கு. இரண்டாவது தடவை வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. மனிதர் அன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று பார்க்க வருகிறார். வாழைப்பழத்தை வாங்கி வைத்துவிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

பெரியவர் என்று அவர் சொன்னது என் மாமனாரை. மாமியார் போன பிறகு விருதுநகர் பக்கத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டவர். வந்த மறு வருஷமே பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடை போயிற்று, பேச்சு குறைந்தது, சாப்பாடு கஞ்சிக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வீட்ல வெச்சு நல்லபடியா பாத்துக்குங்க" என்றார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு முதலில் வீடு என்று ஒன்று வேண்டும் என்பது மட்டும் எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. மாதா மாதம் வாடகை கொடுக்கிறோமே, அதை வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓசூரில் சிப்காட்டுக்குப் பின்பக்கம் இருந்தது அந்த வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஓர் அடுப்படி. மாமாவைப் படுக்கையறையில் கிடத்திவிட்டு நாங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்தோம். ஓனர் மாடியில் இருந்தார். ஒரு காலத்தில் ராகியும் அவரைக்காயும் போட்ட குடும்பம். நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போனதும் மீதியில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். இப்போது அவருக்கு விளைச்சல் என்றால் நாங்கள்தான். வீட்டில் தெலுங்கு பேசுவார், பிளம்பரிடம் கன்னடம் பேசுவார், எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் மூன்றும் சேர்ந்து வரும். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கொரோனாவில் கம்பெனிகள் மூடிக் கிடந்தபோது வாடகை கேட்டு ஒருநாளும் கதவைத் தட்டாதவர். அவருக்கு இருந்த பயம் வேறு.

அந்தப் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்று வரிசையாக ஐந்து நட்சத்திரங்கள் மாதம் ஒரு முறை வந்து போகும். இவற்றில் ஒன்று நடக்கும்போது வீட்டில் உயிர் பிரிந்தால், அந்த இடத்தை ஆறு மாதம் அடைத்துப் போட வேண்டும் என்பார்கள். அதற்கு அடைப்பு என்று பெயர். செத்தவர் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார், கூட இன்னொரு ஆளையும் கூட்டிக்கொள்வார் என்று நம்பிக்கை. சொந்த வீட்டுக்காரர்களுக்கே இது பெரிய தொல்லை. வாடகைக்கு விடுகிறவருக்கோ, அடைத்த வீட்டுக்கு அப்புறம் ஆள் வராது, வந்தாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பிப் போய்விடும். ஓனருடைய தம்பி வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்து, அடுத்த சில மாதத்திலேயே இன்னொரு சாவும் விழுந்ததாம். அதைச் சொல்லிவிட்டுக் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழம் இல்லாமல் வந்தார். என் கணவர் வீட்டிலிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பெரியவர சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்" என்றார். "கடைசி காலத்துல சொந்த மண்ணுல இருக்கட்டும். அதானே மொறை."

கேட்கிறவர்களுக்கு நல்ல யோசனையாகத்தான் படும். எங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோருமே அதைச் சொன்னார்கள். ஊருக்குக் கொண்டு போங்க, ஊருக்குக் கொண்டு போங்க. ஊரில் என்ன இருக்கிறது? மாமா ஒரு அச்சாபீசில் வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். என் கணவர் படித்த ஒவ்வொரு வகுப்பையும் ஒவ்வொரு தெருவின் பெயரோடுதான் சொல்லுவார். தன் மகன் வளர்ந்துவிட்டான் என்று ஒரு வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார், மகளுக்குக் கல்யாணம் என்று ஒருவர், காரணமே சொல்லாமல் ஒருவர். கடைசியாக இருந்த வீட்டையும் மாமியார் காரியம் முடிந்த கையோடு சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. சொந்த ஊர் என்பது எங்களுக்கு பஸ் நிற்கிற இடம், அவ்வளவுதான்.

"ஊர்ல எங்களுக்கு வீடு இல்ல அண்ணாச்சி" என்றார் என் கணவர்.

"அப்ப ஒரு ஆஸ்பத்திரில சேத்துடுங்க."

"வச்சுக்க மாட்டேன்னு அவங்கதான் அனுப்பிட்டாங்க."

"அப்ப வேற ஊடு பாத்துக்குங்க தம்பி. என்னால ஆவாது."

என் கணவருக்கு முணுக்கென்று கோபம் வரும். "பதினோரு மாச அக்ரிமென்ட் இன்னும் முடியல. கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்க, காலி பண்ணுறோம்" என்றார். ஓனர் எழுந்து போனார். படியேறும்போது தெலுங்கில் ஏதோ சொன்னது கேட்டது. எனக்குத் தெலுங்கு அவ்வளவாகத் தெரியாது என்பதில் அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதி. உள்ளே மாமா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்று தெரியும். எனக்குக் கூசிப்போயிற்று.

வேறு வீடு பார்க்காமல் இல்லை. பார்த்தோம். ஓசூரில் இப்போது வீடு தேடுவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். புதிது புதிதாகக் கம்பெனி வருகிறது, பெங்களூர் வாடகை கட்ட முடியாதவர்கள் எல்லாம் எல்லை தாண்டி இங்கே வருகிறார்கள். போர்டு மாட்டிய அன்றே வீடு போய்விடுகிறது. போகிற இடத்திலெல்லாம் எத்தனை பேர் என்று கேட்பார்கள். மூன்று பேர் என்போம். வயசானவங்க இருக்காங்களா? இருக்காங்க. நடமாட்டமா இருக்காங்களா? இந்தக் கேள்வியில் என் கணவர் வண்டியைத் திருப்பிவிடுவார். படுத்த படுக்கையாக இருக்கிற மனிதரை எந்த வீட்டுக்காரர் புதிதாக உள்ளே விடுவார்?

நான் வேலை பார்க்கும் ஒயர் கம்பெனியில் ஒரு தோழி, கோர்ட்டுக்கு எதிரே மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பெண் வக்கீலிடம் அனுப்பினாள். என்னைவிட இளையவர். அக்ரிமென்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜெராக்ஸ் கடையில அடிச்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். புதுச் சட்டப்படி அதைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றார். ஊரில் யார் அக்கா பதிவு செய்கிறார்கள் என்று அவரே சொல்லியும் கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். நினைத்த மாத்திரத்தில் எங்களைக் காலி செய்ய வைக்க ஓனருக்கு உரிமை இல்லை. வாடகை நீதிமன்றத்துக்குப் போய், சட்டத்தில் உள்ள காரணம் ஒன்றைக் காட்டி, உத்தரவு வாங்க வேண்டும். தண்ணீரை நிறுத்தக்கூடாது, கரண்டைப் பிடுங்கக்கூடாது. செய்தால் நாங்கள் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

"வீட்ல ஒருத்தர் சாகப் போறார்ங்கிறது காரணமா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒரு காரணம் சட்டத்துல கெடையாது அக்கா. நட்சத்திரத்துக்கும் செக்‌ஷன் கெடையாது." பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தார். "சட்டம் உங்க பக்கம்தான் இருக்கு. ஆனா மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுக்குள்ள இருக்கு. மனு குடுத்து, நோட்டீஸ் போயி, விசாரணை வர்றதுக்குள்ள உங்க மாமாவுக்கு யாரு தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க? ஒருதடவ பேசிப் பாருங்க. முடியலன்னா வாங்க, போடலாம்."

அவர் சொன்ன வாய் முகூர்த்தம், அந்த வாரமே மோட்டார் ரிப்பேர் ஆகிவிட்டது. மற்ற வீடுகளுக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் வரவில்லை என்பதால் குற்றம் சொல்லவும் வழியில்லை. ஆனால் ரிப்பேர் பார்க்கிற அவசரம் ஓனருக்கு இல்லை. படுத்தவரை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லாமல் இருப்பது எப்படி என்று விவரிக்கத் தேவையில்லை. ஷிப்ட் முடிந்து வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் பாதி இரக்கம், பாதி எரிச்சல். உங்களால்தானே எங்களுக்கும் தண்ணீர் இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இடுப்பு விட்டுப்போனது. சட்டம் என் பக்கம் இருக்கிறது என்று நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன். குடத்தின் கனம் குறையவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நானே மாடிக்கு ஏறினேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார். ஓனரும் அவர் மனைவியும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா எனக்கு நாற்காலி போட்டார்.

"அண்ணா, உங்களுக்குப் பயம் அந்த அஞ்சு நாள்தானே?" என்றேன். "மாசத்துல மத்த நாள்ல மாமாவுக்கு எது நடந்தாலும் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "மத்த நாள்ல நடந்தா நானே முன்ன நின்னு எடுத்துப் போடறேம்மா. சத்தியமா."

"அப்ப அந்த அஞ்சு நாளும் மாமாவ வெளிய வச்சுக்கிறோம். முடிஞ்சதும் கொண்டு வந்துடுறோம். மாசா மாசம். சரியா?"

சொல்லி முடித்ததும் எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. சாகக் கிடக்கிற மனிதரை மாதம் ஒரு தடவை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போவதை ஏதோ கேஸ் சிலிண்டர் மாற்றுகிற கணக்காகப் பேசிக்கொண்டிருந்தேன். ஓனர் மனைவியைப் பார்த்தார். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் மோட்டார் ஓடியது.

என் கணவர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள், கெலமங்கலம் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கும் தன் நண்பரிடம் தானே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பாலித்தீன் கூரை போட்ட பெரிய தோட்டம். முதலாளி பெங்களூரில். பூ கட்டி அனுப்புகிற கொட்டகையை ஒட்டி ஓர் அறை சும்மா கிடந்தது. ஐந்து நாள் வைத்துக்கொள்ளலாம், முதலாளி வருகிற அன்றைக்கு மட்டும் இருக்கக்கூடாது என்றார் நண்பர். அவருக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லையா, அல்லது தன் வீடு இல்லையே என்ற தைரியமா என்று நான் கேட்கவில்லை.

வீடு மாற்றுகிறவர்கள் கட்டிலும் பீரோவும் ஏற்றும் குட்டி யானை வண்டிதான் மாமாவுக்கும். பின்னால் மெத்தையைப் போட்டு, அவரைப் படுக்க வைத்து, மேலே தார்ப்பாய் கட்டுவோம். ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூறல் வேறு. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒருமுறைகூட முனகவில்லை. வாழ்நாளெல்லாம் சாமான் வண்டியின் பின்னால் நடந்து பழகியவர், இப்போது சாமானோடு சாமானாகப் படுத்துக்கொண்டு வருகிறார்.

ரோஜாத் தோட்டம் என்றதும் மணக்கும் என்று நினைப்பீர்கள். ஏற்றுமதி ரோஜாவுக்கு மணமே கிடையாது. மருந்து வாடைதான். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு என் கணவர் அங்கே போவார், பகல் ஷிப்ட் முடித்துவிட்டு நான் போவேன். இடையில் பூ நறுக்குகிற பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பாள். முதல் மாதம் ஐந்து நாளும் எனக்குப் பயமாகவே இருந்தது. ஏதாவது ஆனால் கொட்டகையில் கிடந்து செத்தார் என்று ஆகிவிடுமே என்று. ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் விடிந்த பிறகு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இரண்டாவது மாதமும் அப்படித்தான். ஓனர் வாசலில் நின்று தார்ப்பாயை அவிழ்க்க உதவினார். "பாத்து, பாத்து, தலைய புடிங்க" என்று சொன்னார். கால் பக்கத்தை அவரே பிடித்தார்.

என்னை அதிகம் வதைத்தது, இந்த ஏற்பாடு எல்லோருக்கும் சட்டென்று பழகிப்போனதுதான். ஓனர் என்னைப் பார்த்தால், "அடுத்தது வெள்ளிக்கெழமையா வருதும்மா" என்று ஞாபகப்படுத்துவார். கம்பெனியில் நான் லீவு சொல்லும்போது மேலதிகாரி, "மறுபடியும் அந்த நாளா?" என்பார். மாமா மட்டும் எதையும் கேட்கவில்லை. மகனிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.

மூன்றாவது மாதம் அவர் கஞ்சியையும் நிறுத்திவிட்டார். ஸ்பூனில் தண்ணீர் மட்டும். ரேவதி நடக்கிற அன்றைக்குக் காலையில் நண்பரிடமிருந்து போன். முதலாளி பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டார், பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார், அறையைக் காலி செய்துவிடுங்கள். என் கணவர் வீட்டுக் காலண்டரைப் பார்த்தார். ரேவதி பதினோரு மணிக்கு முடிகிறது என்று போட்டிருந்தது. நாட்டுக்கெல்லாம் காலண்டர் அடிப்பது எங்கள் விருதுநகர் மாவட்டம். மாமாவே அந்தத் தொழிலில் இருந்தவர். அதில் போட்டதற்கு மறுபேச்சு உண்டா? பதினோரு மணி தாண்டும்வரை தோட்டத்துக்கு வெளியே ரோட்டோரம் வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வாசலில் ஓனர் இல்லை. ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

அறையில் கிடத்தி, முகம் துடைத்து, வேட்டி மாற்றினோம். என் கணவருக்கு இரண்டாம் ஷிப்ட். கிளம்பிப் போனார். நான் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய் உள்ளே போயிற்று. அப்புறம் மாமா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். அவர் அந்தக் கூரையை அடையாளம் கண்டுகொண்டார் என்று எனக்குப் பட்டது.

"வந்தாச்சா தாயி?" என்றார். ஒரு வாரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"வந்தாச்சு மாமா. நம்ம வீடுதான்."

"இன்னும் போகணுமா?"

"இல்ல மாமா. இனி அடுத்த மாசம்தான்" என்றேன்.

அவர் சரி என்பதுபோல் இமையை மூடினார். நான் அடுப்படிக்குப் போய் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் முடிந்திருந்தது. வெளியே வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாசம்தான் என்று சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. போன் செய்ய வேண்டும், வேட்டி எடுக்க வேண்டும், ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டும் என்று மனம் வேலைகளைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தது.

ஓனர் கல்யாணத்திலிருந்து நேரே ஓடிவந்தார். ஒரு மாலை வாங்கி வந்திருந்தார். மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எடுத்துப் போடுவதற்கு ஆட்களைத் தானே கூப்பிட்டார், வாசலில் பந்தல் போடச் சொன்னார். சொன்ன சொல் காப்பாற்றுகிறாரே என்று எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது. அப்போது மாடியிலிருந்து அந்த அக்கா அவரைக் கூப்பிட்டார். போனவர் திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது. கையில் அவர்கள் வீட்டுப் பஞ்சாங்கம்.

"எத்தன மணிக்கும்மா உசுரு போச்சு?"

"ரெண்டு, ரெண்டரை இருக்கும்ணா."

"எங்க பஞ்சாங்கத்துல ரேவதி சாயங்காலம் வரைக்கும் இருக்குதும்மா."

நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். மூன்று மாதமாக ஐந்து நாள், ஐந்து நாள் என்று பேசிக்கொண்டிருந்தோம். யாருடைய கணக்குப்படி ஐந்து நாள் என்று இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் காலண்டரில் அவர் பார்த்ததும் நட்சத்திரத்தின் பெயரைத்தான், மணியை அல்ல. நாங்கள் தெற்கத்திக் காலண்டர் பார்க்கிறோம். அவர்கள் பெங்களூரிலிருந்து வரும் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள். இரண்டும் நட்சத்திரத்தை வேறு வேறு முறையில் கணக்குப் போடுகின்றன, சில மணி நேரம் முன்னே பின்னே ஆகும். முதல் இரண்டு மாதமும் நாங்கள் விடிந்த பிறகு வந்ததால் தெரியவில்லை. எல்லையில் குடியிருந்துகொண்டு இதை யோசிக்காமல் விட்டது எங்கள் இரண்டு வீட்டாரின் புத்தியும்தான்.

"எங்க கணக்குல முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கு எங்க கணக்குதான்" என்றார் என் கணவர்.

"பெரியவரு உங்க ஆளு, சரி தம்பி. ஊடு என்னுது. ஊட்டுக்கு எங்க கணக்குதான்." அவர் குரல் உயரவில்லை. "எங்க வழக்கத்துல ஊட்டையே உட்டுடணும். ஆறு மாசம் யாரும் பொழங்கக்கூடாது. காரியம் முடிஞ்சதும் நீங்க காலி பண்ணிக்குங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

நடுவில் மாமா கிடந்தார், தலைமாட்டில் விளக்கு. என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கோர்ட்டுக்குப் போங்க" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்புதான் வந்தது. செத்துப்போன பிறகும் இந்த மனிதருக்காகப் பேரம் பேச வேண்டியிருக்கிறதே என்று.

"அண்ணா, கோர்ட்டுக்குப் போனா ஆறு மாசத்துல தீர்ப்பு வராது" என்றேன். "அதுக்குள்ள உங்க அடைப்பே முடிஞ்சிடும். எங்க பக்கத்துல வீட்ட விட மாட்டாங்க. உசுரு போன அறைய மட்டும் அடைப்பாங்க. சாயங்காலம் வாசப்படியில விளக்கு வைப்பாங்க. பஞ்சாங்கம் உங்களுதே இருக்கட்டும், நாங்க ஒத்துக்கிறோம். அடைப்பு எங்க முறையில இருக்கட்டும், நீங்க ஒத்துக்கங்க."

பந்தல்காரர் வந்து கம்பு எங்கே நட வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். ஓனர் தன் மனைவியிடம் போய்த் தெலுங்கில் பேசிவிட்டு வந்து, "யாரும் உள்ள போகக்கூடாது. நீங்களும்தான், நானும்தான்" என்றார்.

"போக மாட்டோம்."

"ஆறு மாசம்."

"ஆறு மாசம்" என்றார் என் கணவர்.

காரியம் முடிந்த மறுநாள் எங்கள் துணிமணிகளை வெளியே எடுத்துக்கொண்டு அறையைப் பூட்டினோம். மாமா படுத்த கட்டிலும் மெத்தையும் உள்ளேயே இருக்கட்டும் என்றார் ஓனர். பூட்டின்மேல் மஞ்சள் துணி சுற்றினார். வாடகையைப் பற்றி இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. ஹாலிலேயே சாமான், ஹாலிலேயே துணி, ஹாலிலேயே படுக்கை என்று நாங்கள் இருந்தோம். அந்திக்கு நான் விளக்கு வைப்பேன். ஓனர் மாடிப்படி இறங்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போவார். எங்களுக்கு நம்பிக்கை பாதி, பழக்கம் பாதி. அவருக்கு முழு நம்பிக்கை. பூட்டிய கதவுக்குப் பின்னால் மாமா உட்கார்ந்திருப்பதாகவே அவர் நினைத்தார். ஒருமுறை எங்களிடம் ஏதோ கேட்க வந்தவர் ஹாலில் குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கவனித்தேன். தூங்குகிறவர் எழுந்துவிடக்கூடாது என்பதுபோல்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு செல்போன் கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். வீடு கேட்டு வருகிறவர்கள் ஓயவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அந்தப் பெண்ணுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த நாள் சேர வேண்டும், தங்க இடமில்லை. ஒரே ஒரு ரூம் போதும் என்றாள். ஓனர் எங்கள் வாசலில் நின்றுதான் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ரூம் இருந்தால் இரண்டாகத் தடுத்து விடுகிற மனிதர் அவர். எல்லாம் ஃபுல்லாக இருக்கிறது என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பெண் பூட்டைப் பார்த்துவிட்டாள். "அங்கிள், அந்த ரூம் பூட்டிதானே கெடக்குது? அது காலியா இருக்குதா?"

"காலி இல்லம்மா" என்றார் ஓனர். "அதுல பெரியவரு இருக்காரு."

"எப்ப காலி பண்ணுவாரு?"

ஓனர் செருப்பை ஒரு காலிலிருந்து கழற்றி மறுபடியும் மாட்டினார். "அவர நான் காலி பண்ணச் சொல்ல முடியாதும்மா" என்றார். "நீங்க வேற எடம் பாருங்க."

அவர்கள் போய்விட்டார்கள். வடித்த கஞ்சியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா போனதற்கு அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.